நான்கு விநாடியில் எடுத்த பூட்டு

எங்கள் அப்பா ஒன்று சொல்வார். அடுத்தவர் தறியில் போய் உட்கார நேர்ந்தால், மிதியில் கால் வைப்பதற்கு முன்னால் முதலில் எதையோ பார்க்க வேண்டும் என்பார். எதை என்பதுதான் மறந்துவிட்டது. இழையையா, அட்டையையா, தறிக்காரர் முகத்தையா, தெரியவில்லை. இத்தனைக்கும் அவர் தறியில் உட்கார்ந்தவரே இல்லை. நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதிக்கொண்டிருந்தவர். யாரோ சொன்னதைக் கேட்டு வந்து எங்களிடம் சொல்லியிருப்பார். அவருக்கே பாதிதான் தெரியுமோ என்னவோ.

உட்காருங்கள் சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். செய்யாறிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டா வந்தீர்கள்? சரிதான், முகூர்த்த நாள், இடம் எங்கே கிடைக்கும். முதலில் காபி குடியுங்கள்.

கஜபதி நேற்றே போன் செய்துவிட்டார். “தணிகை, சங்க விழா மலர் வேலைய ஒரு தமிழ் வாத்தியார்கிட்ட குடுத்துகீறோம். ரிட்டயர்டு. உன் வீட்டுக்கு வருவாரு. உன்னப் பத்தி ஒரு பக்கம் சொல்லு. ரொம்ப அடக்கமாப் பேசி என் மானத்த வாங்காத. ஞாயித்துக்கிழமை உனக்குப் பொன்னாடை போத்துறோம், பக்கம் காலியா இருந்தா நல்லாருக்காது” என்றார். எட்டாவது வரை நானும் அவரும் ஒரே பெஞ்சு. இப்போது ஆரணியிலேயே பெரிய பட்டுக் கடை அவருடையதுதான். பட்டு உற்பத்தியாளர் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வித் தாளெல்லாம் வைத்திருக்கிறீர்களா? கொடுங்கள், பார்க்கிறேன். பெயர். தணிகைவேல். வயது நாற்பத்தெட்டு. படிப்பு: எட்டாவது வரை இங்கே தமிழில், அப்புறம் வேலூரில் விடுதியில் தங்கி ஆங்கிலத்தில். அதற்குப் பிறகு இருபத்தோரு வருடம் டப்ளினில், ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்கிற வேலை. அந்தப் பிரிவை மூடினார்கள். மனைவியும் மகளும் அங்கே இருக்கிறார்கள். நான் வந்துவிட்டேன். வந்து பதினான்கு மாதம். ‘தாய்மண் அழைத்தது’ என்றெல்லாம் போட்டுவிடாதீர்கள் சார். மண் என்னை அழைக்கவில்லை, கம்பெனி அனுப்பியது.

ஐந்தாவது கேள்வி. ‘தங்கள் தொழில்நுட்ப அறிவால் நம் தொழிலுக்கு விளைந்த நன்மை.’

இதற்குக் கஜபதி ஏதாவது சொல்லி அனுப்பினாரா? சொல்லியிருப்பாரே. ‘திருட்டு டிசைன் விவகாரத்தில் இவர் அளித்த சாட்சி’ என்றா? பெயரோடு போடச் சொன்னாரா? குமுதவல்லி என்று?

காபி ஆறுகிறது சார், குடியுங்கள். இந்த ஐந்தாவது கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத வேண்டாம், முதலில் கேளுங்கள்.

நீங்கள் படியேறும்போது இடது பக்கம் ஓர் அறை காலியாகக் கிடக்கிறதே, அது குமுதா வாடகைக்கு இருந்த இடம். பதினோரு வருடம் அங்கே டிசைன் போட்டாள். பட்டுச் சேலைக்கு பார்டர், புட்டா, முந்தி எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்கள். கட்டம் கட்டமாக வரைந்து, அதை அட்டையில் துளை போட்டு, தறிக்கு மேலே ஏற்றினால் அந்தப் பூ துணியில் விழும். அந்தக் கட்டத்தை வரைகிறவள் அவள். என்னை அண்ணா என்பாள். வயது முப்பத்தொன்பதோ நாற்பதோ. பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. குறை சொல்லவில்லை சார், தகவலுக்காகச் சொல்கிறேன்.

இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கடைக்காரர் ஒரு டிசைனை எடுத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்கு அதை வேறு கடைக்குக் கொடுக்கக்கூடாது. பத்திரம் கிடையாது, கையெழுத்து கிடையாது. வாய்ப் பேச்சுதான். டிசைன் போடுகிறவர் ஒருமுறை அதை மீறிவிட்டால் அவ்வளவுதான், யாரும் படியேற மாட்டார்கள்.

குமுதாவிடம் இருந்தது மூவாயிரத்து எண்ணூறு டிசைன். ஃபைலுக்கெல்லாம் நம்பர்தான், பெயர் கிடையாது. இதில் எது விற்றது, எது விற்காதது என்று எப்படித் தெரியும்? நோட்டு ஒன்று வைத்திருப்பாள் என்றுதானே நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன், நினைத்திருந்தால். நான் நினைக்கவே இல்லை.

சார், நான் செய்த வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மீதி புரியாது. தமிழில் படித்தேன், ஆங்கிலத்தில் படித்தேன் என்றேனே, மூன்றாவதாக ஒரு மொழியில்தான் நான் பிழைத்தேன். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. நாம் ஒரு வரி தட்டினால் அது செய்யும். ஒரு ஃபைலுக்குச் செய்வதையே ஒரு லட்சம் ஃபைலுக்கும் செய்யும், அதே ஒரு வரியில். மவுஸைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்துகிறவர்களைப் பார்த்தால் எங்கள் ஆட்களுக்கு ஓர் இளக்காரம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டோம். கொஞ்சம் காட்டிக்கொள்வோம்.

போன வருடம் தை மாதம் குமுதா புதுக் கம்ப்யூட்டர் வாங்கினாள். பழையதிலிருந்து எல்லாவற்றையும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டாள். எனக்கு என்ன வேலை? ஞாயிற்றுக்கிழமை காலை கீழே இறங்கினேன். எல்லாவற்றையும் புதுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். டிசைன் சாஃப்ட்வேரும் புதுசு. பழைய ஃபைல்களை அது திறந்து, தன் வடிவத்துக்கு மாற்றி, மறுபடி அதே இடத்தில் எழுத வேண்டும். ஓட விட்டேன். கொஞ்சம் போனது, நின்றது. ‘இந்த ஃபைலில் எழுத அனுமதி இல்லை.’ சரி என்று அழுத்தினேன். இரண்டு போனது, நின்றது. மறுபடி அனுமதி இல்லை. இப்படி எண்ணிப் பார்த்தால் ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு ஃபைல்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் சில குணங்கள் உண்டு சார். மறைந்திருப்பது, எழுத முடியாமல் இருப்பது, இப்படி. ‘படிக்க மட்டும்’ என்று ஒன்று. அதை டிக் செய்துவிட்டால் ஃபைலைத் திறக்கலாம், பார்க்கலாம், மாற்றி எழுத முடியாது. இந்த ஆயிரத்து நூற்று நாற்பத்தாறும் அப்படி டிக் ஆகியிருந்தன. எனக்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் சி.டி.யில் ஏற்றி வைத்து மறுபடி இறக்கினால் எல்லா ஃபைலும் இப்படித்தான் வரும். நூறு இடத்தில் பார்த்திருக்கிறேன். அனுபவம் என்றால் அதுதானே, பார்த்தவுடனே காரணம் தெரிந்துவிடுவது.

கறுப்புத் திரையைத் திறந்தேன். அட்ரிப், ஓர் இடைவெளி, மைனஸ் ஆர், அப்புறம் டிசைன் ஃபோல்டர் பெயர், நட்சத்திரம் புள்ளி நட்சத்திரம், கடைசியில் ஸ்லாஷ் எஸ். அவ்வளவுதான். மைனஸ் ஆர் என்றால் அந்த டிக்கை எடு. நட்சத்திரம் என்றால் எல்லாம். ஸ்லாஷ் எஸ் என்றால் உள்ளே இருக்கிற ஃபோல்டர், அதற்குள் இருக்கிற ஃபோல்டர், அதற்கும் உள்ளே. எண்டர் தட்டினேன். நான்கு விநாடி. ஒரு சத்தம் இல்லை, ஒரு கேள்வி இல்லை. அந்த வரிக்கு அப்படி ஓர் அழகு உண்டு சார், இப்போதும் சொல்வேன்.

குமுதா அப்போது டீ சொல்லப் போயிருந்தாள். என்னிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. வந்து, “ஆயிடுச்சாண்ணா?” என்றாள். “ஆயிடுச்சு. நாலு செகண்டு” என்றேன். “அடேயப்பா, நாங்கன்னா ஒரு வாரம் உக்காந்திருப்போம்” என்றாள். சாஃப்ட்வேர் அதற்குப் பிறகு எங்கும் நிற்காமல் ஓடியது.

ஆறு மாதம் ஒன்றுமில்லை. ஊரெல்லாம் என் பெயர் பரவியது. தணிகை தொட்டால் கம்ப்யூட்டர் பறக்கிறது என்றார்கள். சங்கத்துக்கு உறுப்பினர் பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தேன். கடைவீதியில் நடந்தால் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். டப்ளினில் என் மேலதிகாரிக்குக் கடைசி வரைக்கும் என் பெயரைச் சொல்ல வரவில்லை. இங்கே டீக்கடைக்காரர் வரைக்கும் “இன்ஜினியர் சார்.”

ஆவணியில் வெடித்தது. குமுதா புளியம்பிஞ்சு பார்டர் என்று ஒன்று போட்டிருந்தாள். சின்னச் சின்னப் பிஞ்சாக வளைந்து ஒரு வரிசை போகும், இடையில் ஒரு பொட்டு. அவளே யோசித்துப் போட்டது. அதில் ஏழு விதம் வைத்திருந்தாள், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். மூன்றாவது விதத்தைக் கஜபதி எடுத்திருந்தார். அவர் கடைக்கு அந்த வருடம் அதுதான் பெயர் வாங்கிக் கொடுத்தது. அதே மூன்றாவது விதம் ஆவணி முகூர்த்தத்துக்கு தேவிகாபுரத்தில் முனிரத்தினம் கடை வாசலில் தொங்குகிறது.

கஜபதி சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார். நான் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். “இன்னாம்மா இது? என் பொண்ணு கல்யாணத்துக்கு இத்தான் கட்டுனா. இப்போ அவன் கடையில பொம்மைக்குக் கட்டி வெச்சிகீறான்!”

“இல்லண்ணா, நான் அவருக்கு அஞ்சாவதுதான் குடுத்தேன்.”

“எண்ணிப் பாரு. பொட்டுக்குப் பொட்டு எண்ணு.”

எண்ணினாள். மூன்றாவதேதான்.

அவர் போன பிறகு மேலே வந்தாள். இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. “அண்ணா, தை மாசம் நீங்க மாத்திக் குடுத்தீங்களே, அப்போ பூட்டு எதாவது எடுத்தீங்களா?”

“என்ன பூட்டு?”

சொன்னாள். ஒரு டிசைன் விற்றுவிட்டால், அந்த ஃபைல் மேல் வைத்து மவுஸின் வலது பக்கத்தை அழுத்தி, அந்தப் ‘படிக்க மட்டும்’ என்பதை டிக் செய்துவிடுவாள். அதற்குத்தான் பூட்டு என்று பெயர். அடுத்த கடைக்காரர் அதையே கேட்டால், திறந்து, அவர் தறிக்குத் தக்க மாற்றி, சேமிக்கப் போவாள். கம்ப்யூட்டர் முடியாது என்று சொல்லும். “இது போயிடுச்சுங்க, வேற பாருங்க” என்று திருப்பி அனுப்பிவிடுவாள். மூன்று வருடம் ஆனதும் டிக்கை எடுத்துவிடுவாள். பதினோரு வருடம் இப்படித்தான். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. நம்பர் மாறிப்போனாலும், கண் ஏமாந்தாலும், அந்தப் பூட்டு ஏமாறாது. முனிரத்தினத்துக்கு ஐந்தாவதைத் திறப்பதாக நினைத்துக்கொண்டு மூன்றாவதைத் திறந்திருக்கிறாள். பழைய நாளாக இருந்தால் கம்ப்யூட்டர் மறுத்திருக்கும். இந்த முறை பேசாமல் சேமித்துக்கொண்டது.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது சார். சி.டி. இல்லை. ஆயிரத்து நூற்று நாற்பத்தாறும் அவள் கையால் ஒவ்வொன்றாகப் போட்டது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “நான் வேகத்தைத்தான் கூட்டினேன் குமுதா” என்றேன்.

அது பொய் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வேகம் கூடியது உண்மைதானே.

ஃபேனைக் கொஞ்சம் குறைக்கட்டுமா? உங்கள் தாள் பறக்கிறது.

அவள் போனதும் அலமாரியைத் திறந்தேன். எங்கள் தொழிலில் ஒரு விதி. எதையும் தொடுவதற்கு முன்னால் அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துவிடுவோம். தை மாதம் நானும் எடுத்து வைத்திருந்தேன், ஒரு சின்ன டிஸ்க்கில். அதில் தேடினேன். புளியம்பிஞ்சு மூன்றாவது, நம்பர் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு. பூட்டு இருந்தது. அவள் சொன்னதெல்லாம் நிஜம் என்பதற்கு அத்தாட்சி என் கையில் இருந்தது. மூடி உள்ளே வைத்தேன். சங்கத்தில் விசாரணைக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கம்ப்யூட்டர் விஷயம் தெரிந்தவராயிற்றே. மேடையில் கஜபதிக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு. குமுதா கீழே, முன் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மேஜை மேல் இரண்டு சேலையையும் விரித்துப் போட்டிருந்தார்கள். வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

குமுதா எழுந்து சொன்னாள். “நான் வித்த டிசைனுக்குப் பூட்டு போடுவேன். இதுக்கும் போட்டேன். இப்போ பார்த்தா எதுலயுமே இல்ல. எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியல.”

முனிரத்தினம், “எலி கடிச்சிருக்கும்” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவருக்கும் கோபம், அவருக்குத் தெரியாமலே அவரைத் திருடனாக்கிவிட்டாள் என்று.

கஜபதி கையைக் காட்டிச் சிரிப்பை நிறுத்தினார். நியாயமான ஆள்தான் சார் அவர், அதைச் சொல்ல வேண்டும். “சும்மா சிரிக்காதீங்கப்பா. தெரிஞ்சவனக் கேப்போம். தணிகை, நீ சொல்லு. அந்தம்மா சொல்றாங்களே பூட்டு, அது தானாப் போவுமா?”

“தானாகப் போகாது” என்றேன்.

“கரண்ட்டு போனா?”

“போகாது.”

“வைரஸு கிய்ரஸு?”

“அப்படியெல்லாம் போகாது.”

“அப்போ யாராச்சும் எடுத்தாத்தான் போவும்.”

“ஆமாம்.”

ஒவ்வொரு பதிலும் சரி. பரீட்சைத் தாளில் எழுதினால் முழு மதிப்பெண் போடுவீர்கள். யார் எடுத்தது என்று மட்டும் அவர் என்னைக் கேட்கவில்லை. அந்தக் கம்ப்யூட்டரைத் தினமும் தொடுகிற ஒரே ஆள் அவள்தான், நான் தொட்டது வேகம் கூட்டத்தான் என்று எல்லாருக்கும் தெரியும் அல்லவா, அதனால் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்று நீங்கள் கேட்க வேண்டாம். நானே கேட்டுப் பார்த்துவிட்டேன்.

கஜபதி குமுதாவைப் பார்த்து, “நீ எதாச்சும் சொல்றியாம்மா?” என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜை மேல் இருந்த சேலையைப் பார்த்தேன். “அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள். என் மேல் அவ்வளவு நம்பிக்கை. உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு வருடத்துக்குச் சங்கத்துக் கடைகள் எதுவும் அவளிடம் டிசைன் வாங்கக்கூடாது என்று முடிவானது. அறையைக் காலி செய்தாள். கம்ப்யூட்டரை விற்றுவிட்டு, காஞ்சிபுரத்தில் வேறொருவர் டிசைன் கடையில் சம்பளத்துக்குப் போகிறாள் இப்போது. அவள் போட்ட டிசைன் அவர் பெயரில் போகும். சாவியைத் திருப்பிக் கொடுக்க மேலே வந்தாள். அறையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் வந்தாள், பாருங்கள். “கம்ப்யூட்டர நல்லா வேகமாத்தான் ஆக்கிக் குடுத்தீங்கண்ணா” என்று நன்றி சொல்லிவிட்டுப் போனாள். எவ்வளவு பெரிய மனசு இருந்தால் அந்த நேரத்திலும் அதைச் சொல்லத் தோன்றும்.

என்ன சார், அப்படிப் பார்க்கிறீர்கள்?

நன்றிதானே சொன்னாள்?

இருக்கட்டும். நான் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் உட்கார்ந்து அவளுக்காகவே ஒரு ப்ரோக்ராம் எழுதினேன். எந்த டிசைன் எந்தக் கடைக்கு, எந்தத் தேதி, எப்போது மூன்று வருடம் முடிகிறது, எல்லாம் அதில் வரும். விற்றது சிவப்பு, விற்காதது பச்சை. போன் செய்து சொன்னேன். “அதெல்லாம் வேணாண்ணா, இங்க டிசைன் என்னுது இல்ல” என்றாள். உதவி செய்யப் போனால் சிலர் ஏற்றுக்கொள்வதில்லை. நான் அவளைக் குறை சொல்லவில்லை.

சார், ஒரு நிமிடம். முன்னால் ஒன்று சொன்னேனே, டீ சொல்லப் போயிருந்தாள், என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை என்று. நீங்கள் எழுதவில்லைதானே? எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

சொல்ல வந்தாள். பக்கத்தில்தான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ‘அனுமதி இல்லை’ என்று திரையில் வந்ததும், “அண்ணா, அந்தப் பூட்டு வந்து” என்று ஆரம்பித்தாள். பூட்டு என்ற வார்த்தையையே சொன்னாள் சார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “பூட்டும் இல்ல சாவியும் இல்ல குமுதா, அது சி.டி.யோட மிச்சம். இதெல்லாம் உனக்குப் புரியாது. நீ போய் ரெண்டு டீ சொல்லு” என்றேன். டீ சொல்ல அனுப்பியதே நான்தான். அவள் எழுந்து வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்றாள். “எல்லாம் அப்படியே இருக்குமில்லண்ணா?”

“ஒரு கோடு மாறாது” என்றேன். ஒரு கோடும் மாறவில்லை.

அவள் தெருவைத் தாண்டுவதற்குள் தட்டிவிட்டேன். அவள் இல்லாதபோது தட்ட வேண்டும் என்று நினைத்துத் தட்டினேனா, தற்செயலா, இப்போது எனக்கே தெரியவில்லை. எங்கள் வேலையில் யாராவது பக்கத்தில் நின்று “இது எதுக்கு, அது எதுக்கு” என்று கேட்டால் பிடிக்காது. கேட்டால் நேரமாகும். அவளைக் கேட்டிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும்.

அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டேனே, அது ஏன் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. வாத்தியார் அல்லவா, பையனே சொல்லட்டும் என்று விடுகிறீர்கள். பெரிய காரணம் ஒன்றும் இல்லை சார். டப்ளினில் வேலை போனதும் மகள் ஒருநாள் அம்மாவிடம், “அப்பா இனிமே என்ன செய்வார்?” என்று கேட்டாள். பக்கத்து அறையில் நான் இருந்தேன். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்த இடம் இந்த ஊர். இன்ஜினியர் சார். தெரிந்தவன். தொட்டால் பறக்கும். அதை ஒரு வார்த்தையில் கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவள் பதினோரு வருடமாகச் சேர்த்த பெயர் போனால் போகட்டும், நான் ஆறு மாதத்தில் சேர்த்தது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இதை இவ்வளவு தெளிவாக அப்போது நினைக்கவில்லை. நினைக்காமலே செய்தேன்.

போன வாரம் கஜபதி சொன்னார், இந்தச் சாட்சி விஷயத்தை மலரில் போட வேண்டும், அடுத்த தலைமுறைக்குப் பாடமாக இருக்கட்டும் என்று. வாயால் சொன்னது இரண்டு வருடத்தில் மறந்துபோகும், சார். மலரில் அச்சானால்? காஞ்சிபுரத்துக் கடைக்கும் ஒரு பிரதி போகும். அவள் முதலாளி புரட்டுவார். அவள் பிள்ளைகள் நாளைக்குப் படிப்பார்கள். குமுதவல்லி என்று போட்டு, பக்கத்திலேயே திருட்டு என்று போட்டு, கீழே என் படம்.

எப்போது அச்சுக்குப் போகிறது? வெள்ளிக்கிழமையா? சரி.

நான் இந்தக் கேள்வித் தாளை நேற்றே பார்த்திருந்தால் உங்களை வர வேண்டாம் என்று சொல்லித் தப்பித்திருப்பேன். நேரில் வந்து உட்கார்ந்துவிட்டீர்கள். முன்பின் தெரியாத ஆள், ஊர்க்காரரும் இல்லை. அதனால்தான் வாய் திறந்தது என்று நினைக்கிறேன். இதைக்கூடத் தெரியாதவரிடம்தான் முதலில் சொல்கிறேன், பாருங்கள். தெரிந்தவர்களிடம் சொல்ல இன்னும் நாக்கு எழவில்லை.

பேனாவை எடுங்கள் சார். இப்போது எழுதலாம். படிப்பு, டப்ளின், உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். பக்கம் காலியாக இருந்தால் இருக்கட்டும். ஐந்தாவது கேள்விக்கு மட்டும் பதில். ‘குமுதவல்லி போட்டு வைத்திருந்த ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு பூட்டுகளையும், அவர் சொல்ல வந்ததைக் கேட்காமல், எடுத்தவன் தணிகைவேல். அது தெரிந்தும் சங்கத்தில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவனும் அவனே.’ எழுதிவிட்டீர்களா? வாசித்துக் காட்டுங்கள். ‘அவனே’ இருக்கட்டும், ‘அவரே’ வேண்டாம். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கஜபதி இதைப் போடச் சம்மதிக்காவிட்டால் என் பக்கத்தையே எடுத்துவிடச் சொல்லுங்கள், அவள் பெயரோடு சேர்த்து.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போகிறேன். முதலில் குமுதாவிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, பொன்னாடைக்கு முன்னால், சங்கத்தில் எழுந்து சொல்கிறேன்.